பதறாத மாதிரி ஒரு வரி

மில் கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு வந்தால் எல்லோரும் டிவி தெரிகிற பக்கமாகத்தான் இடம் பிடிப்போம். அவர் ஒருவர்தான் டிவிக்கு முதுகைக் காட்டி உட்காருவார். அதில் ஓடுவதெல்லாம் அவரே எழுதிப் போட்டது. அவருக்கு வேண்டியது எங்கள் முகங்கள். ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருவார். படிக்கிறபோது எவளாவது புருவத்தைச் சுருக்கிவிட்டால் போச்சு, பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு மாடிக்கு ஓடுவார். ஐந்து நிமிடத்தில் டிவியில் வரி மாறியிருக்கும். "சோத்தத் தின்னுட்டுப் போங்கண்ணே, டிவி எங்கயும் ஓடிப்போயிறாது" என்று நாங்கள் கேலி செய்வோம். சிரித்துக்கொண்டே ஓடுவார்.

தேனியிலிருந்து கம்பம் போகிற ரோட்டில், திராட்சைத் தோட்டங்கள் தொடங்குவதற்கு முன்னாலேயே இருக்கிறது அந்த நூற்பாலை. நான் அங்கே வைண்டிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தேன். நூலைக் கோனில் சுற்றுகிற இடம். மிஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. போதாக்குறைக்கு எல்லோரும் காதை அடைத்துக்கொள்ள வேண்டும், ஆடிட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மைக் வைத்துச் சொல்லிப் பார்த்தார்கள், யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் ஒவ்வொரு பிரிவின் சுவரிலும், கேன்டீனிலும், ஹாஸ்டலிலும், வாசலிலும் பெரிய பெரிய டிவிகளை மாட்டினார்கள். ஆபீஸ் மாடியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து அவர் ஒரு வரி தட்டினால் அரை நிமிடத்தில் மில் முழுக்கத் தெரியும். யாருக்கு எந்த ஷிப்ட், பஸ் எப்போது, யாருக்குப் பிறந்தநாள், என்றைக்கு விடுமுறை, எல்லாம் அதில்தான். டிவியில் வராத ஒன்றை நாங்கள் நடந்ததாகவே எடுத்துக்கொள்வதில்லை.

டிவிக்கார அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது, விசாரிக்கவும் இல்லை. அவர் போட்ட ஒரு வரியை நம்பித்தான் முத்துலட்சுமி செத்தாள். என் பிரிவில் கடைசி மிஷினைப் பார்த்தவள். அந்த வரியை அவளுக்குக் கைகாட்டிச் சொன்னவள் நான். அவள் எப்படிச் செத்தாள் என்று அவளுடைய மகளிடம் சொல்ல வேண்டியவர்கள் இரண்டே பேர், அவரும் நானும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லி, அவரைப் பற்றி நான் சொன்ன நல்லதெல்லாம் பொய் என்று நீங்கள் நினைக்க வேண்டாம்.

மில்லுக்கு வருவதற்கு முன்னால் அவர் தேனியில் ஒரு பிளக்ஸ் கடையில் இருந்தார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் தொங்கிய பேனரில் பாதி அவர் எழுதியது. தன் பாடமெல்லாம் அந்தக் கடையில் படித்தது என்பார். ஒரு நாள் ஒரு பெரியவர் மகனின் போட்டோவோடு வந்திருக்கிறார். பையன் மருந்தைக் குடித்துச் செத்தவன். என்ன போடுவது என்று தெரியாமல் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

"மருந்தக் குடிச்சான்னு போட முடியுமாத்தா? 'இறைவன் விரும்பி அழைத்துக்கொண்டான்'னு போட்டேன். அந்த மனுசன் அதப் படிச்சாரு. திரும்பப் படிச்சாரு. எந்திரிச்சு என் ரெண்டு கையவும் புடிச்சுக்கிட்டாரு. வந்தப்ப நடக்க மாட்டாம வந்தவரு, போறப்ப நிமுந்து போனாரு."

இந்தக் கதையைக் குறைந்தது பத்துத் தடவை எனக்குச் சொல்லியிருப்பார். சொல்லி முடித்ததும், "எதச் சொன்னாலும் சனம் பதறாத மாதிரி சொல்லணும்" என்பார். அதுதான் அவர் வேதம். பஸ் பழுதாகி நின்றால் 'பேருந்து சற்றே இளைப்பாறி வருகிறது' என்று போடுவார். சோறு தீர்ந்துபோனால் 'அடுத்த பானை உங்களுக்காகவே கொதித்துக்கொண்டிருக்கிறது.' இல்லை, கிடையாது, நிறுத்தம், தாமதம் என்ற வார்த்தைகளை அவர் போட்டு நான் பார்த்ததே இல்லை. பசியோடு நிற்கும்போது இதைப் படித்தால் எரிச்சலாகத்தான் வரும். ஆனால் எரிச்சலோடு சிரிப்பும் வந்துவிடும், அதில்தான் அவர் ஜெயித்தார்.

அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி. வெறும் புண்தான் என்று கடைசிவரை சொல்லி வைத்திருந்தார். மதுரைக்கு எத்தனையோ தடவை கூட்டிக்கொண்டு போயும் அந்தம்மாவுக்கு விஷயம் தெரியாது என்று பெருமையாகச் சொல்வார். பழனிசெட்டிபட்டியில் அவர் வீட்டுக்கு நான் ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். அவர் டீ வாங்கக் கடைக்குப் போன நேரம் அந்தம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"எனக்கு எல்லாம் தெரியும்த்தா. எனக்குத் தெரியும்ங்கிறது அவுகளுக்குத் தெரியாது. தெரிஞ்சா பதறிருவாக. நீயும் சொல்லிறாத."

நான் சொல்லவில்லை. அந்தம்மா போய்ச் சேர்ந்த பிறகும், "கடசி வரைக்கும் அவளுக்குத் தெரியாமயே பாத்துக்கிட்டேன்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்தம்மா யாரிடமும் அழாமல் போனாரே என்பதுதான் எனக்குள் அறுத்துக்கொண்டிருந்தது.

ஆனால் என் அப்பா செத்த அன்று அவர் எனக்குச் செய்ததை நான் மறக்க முடியாது. உத்தமபாளையத்திலிருந்து ஆபீசுக்கு போன் வந்திருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் 'இன்னார் உடனே அலுவலகம் வரவும்' என்று டிவியில் போடுவதுதான் வழக்கம். அதைப் பார்த்த உடனேயே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் எதுவும் போடவில்லை. அவரே ஷெட்டுக்குள் வந்து, என்னை வெளியே கூட்டிப்போய், என் காதிலிருந்த அடைப்பைத் தன் கையால் எடுத்து, "அப்பாவுக்குக் கொஞ்சம் சொகமில்லையாம். குளுக்கோஸ் ஏத்திருக்காக. வா, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார். கம்பெனி வேனில் கூடவே வந்தார். வழியெல்லாம் என் அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். அவருக்கு என்ன பிடிக்கும், கோபம் வந்தால் என்ன செய்வார், எனக்கு எத்தனை வயதில் சைக்கிள் கற்றுக்கொடுத்தார் என்றெல்லாம். நானும் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். எங்கள் தெருமுனையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அழுவதற்கு முன்னாலேயே அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

பொய் சொல்லிக் கூட்டி வந்தார் என்று என் தம்பிக்குக் கோபம். எனக்கு வரவில்லை. மில்லிலிருந்து உத்தமபாளையம் போகிற நேரம் வரைக்கும் என் அப்பாவை எனக்கு உயிரோடு வைத்திருந்தார். அந்த நன்றி இப்போதும் இருக்கிறது.

அடுத்த வருஷமே அவர் மேல் எனக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. ஆர்டர் குறைந்துபோய் ஹாஸ்டல் பெண்களில் கொஞ்சப் பேரை நிறுத்தினார்கள். பட்டியலை டிவியில் போடச் சொல்லி மேலிருந்து வந்தது. வேலை முடிந்தது என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. பிறந்தநாளுக்குப் போடுகிற ரோஜாப்பூ பார்டரை எடுத்து, 'இதுவரை உழைத்த எங்கள் அருமைச் சகோதரிகளுக்கு நிர்வாகத்தின் மனமார்ந்த நன்றி' என்று மேலே எழுதி, கீழே பெயர்களைப் போட்டுவிட்டார். கேன்டீனில் அதைப் பார்த்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஏதோ பரிசு என்று நினைத்துவிட்டார்கள். பெயர் வந்த ஒரு பெண், பெயர் வராத தோழியிடம் "அடுத்த தடவ ஒனக்கும் வரும்டி" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர் டிவிக்கு முதுகைக் காட்டி, அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு, நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்தார். மறுநாள் காலையில் அத்தனை பேரையும் ஷெட் வாசலில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

நான் மாடிக்குப் போய் வாய்க்கு வந்தபடி ஏசினேன். "வேல இல்லன்னு போட்டிருந்தா நேத்தே அழுது முடிச்சிருப்பாகல்லண்ணே? இப்படிக் கைதட்ட வச்சு அனுப்பிட்டீகளே!"

"நேத்து ராத்திரி தூங்கிருப்பாகல்லத்தா" என்றார். அவருக்கு அது உண்மையிலேயே பெரிய விஷயமாக இருந்தது.

அவரைக் குறை சொல்லிக்கொண்டே போகிறேன், இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வந்த புதிதில் அவரும் ஒருமுறை உள்ளதை உள்ளபடி போட்டவர்தான். ஆடிட்டுக்காகத் தீ ஒத்திகை நடத்தினார்கள். ஒத்திகை என்று யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. டிவி முழுக்கச் சிவப்பு, நடுவில் பெரிய எழுத்தில் 'தீ! உடனே வெளியேறவும்.' பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து ஓடினார்கள். படிக்கட்டில் நான்கு மாதக் கர்ப்பிணி ஒருத்தி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. ஆபீசுக்குத் தேவையான போட்டோக்கள் கிடைத்துவிட்டன, ஃபைலை மூடிவிட்டார்கள். அவர் மட்டும் தினமும் பழத்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவள் மாமியார் அந்தப் பழத்தைக் கையால் தொடவில்லை. ஒரு வாரம் கழித்து, கம்ப்யூட்டரில் இருந்த அந்தச் சிவப்புப் பக்கத்தை அவர் அழித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "இனிமே இந்தக் கையால இதப் போட மாட்டேன்" என்றார். நல்லதுண்ணே என்று நானும்தான் சொன்னேன்.

முத்துலட்சுமி செத்த அன்று பகல் ஷிப்ட். மூன்று மணி இருக்கும். பஞ்சை உடைத்துச் சுத்தம் செய்கிற பகுதியில் தீப்பொறி பறப்பது மில்லில் புதிதல்ல, தண்ணீர் அடித்து அணைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அன்று அது கழிவுப் பஞ்சு வைத்திருந்த அறைக்குள் போய்விட்டது. வைண்டிங்கை வெளியே எடுங்கள் என்று அவருக்குப் போன் வந்திருக்கிறது. எங்கள் சுவர் டிவியில் வெளிர்நீல நிறத்தில் ஒரு வரி வந்தது.

'பராமரிப்புப் பணி காரணமாக, வைண்டிங் பிரிவினர் கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு நிதானமாக முன்வாசல் வழியே வெளியே வரவும். நன்றி.'

நன்றி கூடப் போட்டிருந்தார். நான் படித்தேன். கருகல் வாசனை எனக்கும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். வாசனை ஒன்று சொல்லியது, டிவி ஒன்று சொல்லியது. நான் டிவியை நம்பினேன். ஷெட்டுக்குள் நாங்கள் கைஜாடையில்தான் பேசிக்கொள்வோம். ஓடுகிற கோனை முடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று வரிசையாக ஒவ்வொருத்திக்கும் காட்டிக்கொண்டு போனேன். கடைசி மிஷினில் முத்துலட்சுமி. சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சொன்ன வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வருகிறவள் இல்லை அவள்.

மிஷின்களுக்கு அடியில், ஷெட்டின் நீளத்துக்கும், காற்றை இழுக்கிற குழி ஒன்று அந்தக் கழிவுப் பஞ்சு அறை வரைக்கும் ஓடும். அதன் இரும்புச் சல்லடை வழியாகப் புகை மேலே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வரவில்லை, ஒரேயடியாக வந்தது. நாங்கள் இருமிக்கொண்டே முன்வாசலுக்கு வந்து விழுந்தோம். தலையை எண்ணினேன். ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினேன். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போன இரண்டு ஆண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பில் ஒரு தீக்காயம் கிடையாது. மூக்குக்குக் கீழே மட்டும் கறுப்பாக இருந்தது. அதை என் முந்தானையால் துடைத்தேன்.

தீக்காயம் இல்லாதது ஆபீசுக்கு வசதியாகப் போயிற்று. பஞ்சுத்தூசியில் வேலை பார்க்கிற பாதிப் பேருக்கு மூச்சிரைப்பு உண்டு, முத்துலட்சுமிக்கும் உண்டு. ஏற்கெனவே இருந்த நோய் கூடிப்போனது என்று ஆக்கினார்கள். ஹாஸ்டல் பெண்களுக்கு 'சிறப்பு விடுமுறை' என்று டிவியில் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள்.

மூன்றாம் நாள் காலையில் வாசல் டிவியில் முத்துலட்சுமியின் போட்டோ. சுற்றிலும் வெள்ளைப் பூ. 'உடல்நலக் குறைவால் இயற்கை எய்திய எங்கள் அன்புச் சகோதரிக்கு ஆழ்ந்த அஞ்சலி.' நான் மாடிக்கு ஓடினேன்.

அவர் கண் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்யவில்லை.

"என்னண்ணே ஒடம்புக்கு அவளுக்கு? சொல்லுங்க, என்ன ஒடம்புக்கு?"

"மேல இருந்து அப்பிடித்தான் போடச் சொன்னாக."

"அவுக சொல்லுவாக. நீங்க எழுதலாமா? அவ மக இன்னைக்கு வர்றா, அம்மா சாமானெல்லாம் வாங்கிட்டுப் போக. வாசல்லயே அதப் படிக்கப் போறா."

"அதுக்குத்தாம்த்தா இப்பிடி" என்றார். "பதினேழு வயசுப் புள்ள. அம்மா பொகைக்குள்ள கெடந்து மூச்சுக்குத் தவிச்சுச்சுன்னு படிச்சா அது எப்பிடித் தூங்கும்?"

"தூங்காட்டிப் போகுதுண்ணே! தெரியணும் அவளுக்கு. தெரிஞ்சாத்தான யாரையாவது புடிச்சு நாலு கேள்வி கேப்பா? ஒங்க நன்றியும் நிதானமும் போதும்ணே. அதுலதான் அவ செத்தா."

இதைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் யாரும் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். நானும் நிறுத்தினேன். அவர் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு வேற மாதிரி எழுத வரலத்தா. நெசமாவே வரல. ரெண்டு நாளா உக்காந்து பாத்துட்டேன். நீ எழுது. நீ என்ன எழுதுறியோ அத அப்பிடியே எல்லா டிவிலயும் போடுறேன். என் வேல போனாப் போகுது."

உட்கார்ந்தேன். எனக்கு ஒரு விரலால்தான் தட்டத் தெரியும். அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். 'பகல் மூன்று மணிக்கு ஏற்பட்ட தீ விபத்தில், வைண்டிங் பிரிவில் இருந்து உடனடியாக வெளியேற்றப்படாமல்' என்பது வரை தட்டினேன். அங்கே விரல் நின்றது.

வெளியேற்றாமல் விட்டது யார்? இதைப் படிக்கிற ஒவ்வொருத்தியும் அதைத்தான் கேட்பாள். என் பிரிவில் இருந்தவர்கள் கேட்கக்கூட மாட்டார்கள், திரும்பி என்னைப் பார்ப்பார்கள். முடித்துவிட்டு வா என்று காட்டியது என் கை. கருகல் வாசனை வந்தது என் மூக்குக்கு. நாளைக்கு அவர்களோடு ஒரே பஸ்ஸில் ஏற வேண்டும், ஒரே கேன்டீனில் சாப்பிட வேண்டும். போலீஸ் என்று ஒன்று வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள்? இவ்வளவும் அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குத் தோன்றிவிட்டது. முத்துலட்சுமிக்காக மாடியேறி வந்தவள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் அவசரப்படுத்தவில்லை. "முடிச்சிருத்தா, போட்டுறலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் ஒரு தைரியம் வந்திருந்தது. நான் எழுதி முடித்திருந்தால் நிச்சயம் போட்டிருப்பார்.

ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

"நீங்க போட்டதே இருக்கட்டும்ணே."

அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு இறங்கினேன்.

பதினொரு மணிக்கு அந்தப் பெண் அவள் மாமாவோடு வந்தாள். செக்யூரிட்டி அறையில் முத்துலட்சுமியின் செருப்பையும், டிபன் பாக்சையும், ஒரு துணிப்பையையும் கொடுத்தார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தேன். மாமா வண்டியை எடுக்கப் போனார். அவள் வாசல் டிவிக்கு நேராக நின்று மெதுவாக, உதடு அசையப் படித்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அத்தை, அம்மாவுக்கு என்ன சொகமில்ல? காலையில நல்லாத்தான கெளம்புச்சு?"

பக்கத்தில் யாரும் இல்லை. மிஷின் சத்தம் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"மூச்சிரைப்பு இருந்துச்சுல்லத்தா அவளுக்கு. அன்னைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால் இன்னொன்றும் சொன்னேன். "ஒண்ணும் கஷ்டப்படலத்தா. தூங்குற மாதிரிதான் இருந்தா."

அவள் நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிபன் பாக்சைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அந்த இரண்டு வரியையும் எனக்கு யாரும் எழுதித் தரவில்லை.